ஏற்புரையில் ஒரு பேர்

புத்தகக் கண்காட்சிக்குப் பந்தல் போட ஆரம்பித்தாலே சிவப்பிரகாசத்துக்குக் கால் தரையில் நிற்காது. சுரங்கத்து ஸ்டோர்ஸில் டூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, வெள்ளை ஜிப்பாவை மாட்டி, பதினோராம் பிளாக் பக்கம் வண்டியை விட்டுவிடுவார். பத்து நாளும் அப்படித்தான். அவர் வாங்கிக் குவித்த புத்தகங்களுக்கு இடம் விட்டு விட்டு, அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில் போய் வருஷக்கணக்காகிறது. விருத்தாம்பாள் ஒன்றும் சொன்னதில்லை. குடித்துவிட்டு வருகிற புருஷன்களுக்கு நடுவில் புத்தகம் வாங்கி வருகிற புருஷன் எவ்வளவோ தேவலை என்பது அவள் எண்ணம்.

இந்த வருஷம் அவர் பார்க்கப் போகிறவர் இல்லை, பேசப் போகிறவர். அவருடைய கதைத் தொகுப்புக்குக் கும்பகோணத்து அமைப்பு ஒன்று பரிசு கொடுத்திருந்தது. பேப்பரில் போட்டோ வந்தது. 'சுரங்கத் தொழிலாளியின் குரல்' என்று தலைப்பு. ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையுறையும் போல்ட் நட்டும் எண்ணிக் கொடுக்கிறவரைத் தொழிலாளி என்று சொல்லலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. சொல்லலாம்தான். சம்பளம் வாங்குகிற எல்லோரும் தொழிலாளிதானே. கண்காட்சியில் நாலாம் நாள், திங்கட்கிழமை சாயங்காலம், எழுத்தாளர் வாசகர் சந்திப்பு என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள்.

நம்மூர்க் கூட்டங்களின் லட்சணம் தெரிந்ததுதான். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, மதிப்புரை என்று ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துத் தீர்த்து, முன்வரிசைக்காரர்கள் கொட்டாவி விட்டு, பாதி நாற்காலி காலியான பிறகுதான் எழுதினவனுக்குப் பேச வாய்க்கும். அதற்கு ஏற்புரை என்று பேர். நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதினவன் கைகூப்பிச் சொல்ல வேண்டும். சிவப்பிரகாசம் ஒரு வாரமாக ஸ்டீல் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஏற்றுக்கொண்டிருந்தார்.

"பேரன்புக்குரிய வாசகப் பெருமக்களே..."

"தோசை ஆறுதுங்க, பெருமக்களே" என்பாள் விருத்தாம்பாள் அடுப்படியிலிருந்து.

அவள் கேலி பண்ணினாலும் உள்ளுக்குள் பெருமைதான். தொகுப்பில் பதினோரு கதை. எல்லோரும் தூக்கிவைத்துப் பேசியது ஒரே ஒரு கதையை. 'மூணாம் காப்பி.' அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், அவள் தம்பி வேணுவின் வாயிலிருந்து வந்தது.

வேணு காண்ட்ராக்ட் வேலைக்காரன். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்துகிறதை, அடியில் குனிந்து மண்வெட்டியால் வாரி மறுபடி மேலே போடுவது அவன் வேலை. எட்டு மணி நேரமும் குனிந்தபடிதான். மேலேயிருந்து தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் கேட் ஓரத்துக் குழாயடியில் வாய் கொப்பளிப்பார்கள். முதல் வாய் கன்னங்கரேலென்று வரும். இரண்டாவது டிகாஷன் நிறம். மூன்றாவது பால் ஊற்றினது மாதிரி கொஞ்சம் வெளுக்கும். வெளுத்தால் வீட்டுக்குக் கிளம்பலாம். அவனோடு வேலை செய்த பத்துப் பதினைந்து பேர் இதற்குக் காப்பி என்று பேர் வைத்திருந்தார்கள். "காப்பி ஆச்சாடா?" என்று ஒருவன் கேட்பான். "ரெண்டு ஆச்சு, மூணாம் காப்பி தெளிய மாட்டேங்குது" என்பான் இன்னொருவன்.

இது தெரியாமல் விருத்தாம்பாள் ஒரு கூத்துப் பண்ணினாள். வேணு அந்த வேலைக்குப் போன புதிது. முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு அக்கா வீட்டுக்கு வருவான். "காப்பி குடிக்கிறியாடா?" என்றால், "இப்பதான்க்கா மூணு காப்பி முடிச்சிகினு வரேன்" என்பான். பாவி, வெளியில் கண்ட கடையில் மூணு மூணு காப்பி குடித்துக் காசைக் கரைக்கிறானே என்று அவளுக்குக் கோபம். ஒரு மாசம் அவனுக்குக் காப்பியே போடவில்லை. அவனும் விளையாட்டை விடாமல், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். ஒருநாள் கைத்துண்டில் இருமித் துப்பியதை அவள் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னான். அவள் அழுதாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவப்பிரகாசம் எழுந்து வந்தார். "இன்னொரு தரம் சொல்லு மாப்ள" என்று பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

வேலைக்குப் போன முதல் மூன்று வருஷம் அப்படிப் போனது. வேணு சாப்பிட்டுக்கொண்டே சொல்வான். அவர் எழுதிக்கொண்டே இருப்பார். வேணுவுக்கு அதில் ஒரு சந்தோஷம். "வேல எப்பிடிடான்னு இந்த ஒலகத்துல என்ன ஒரு மனுசன் கேக்குறாருன்னா மாமா மட்டுந்தான்க்கா" என்பான். அவன் இப்போது படுத்த படுக்கையாகி ஐந்து மாசம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நுரையீரலும் போய்விட்டது, வீட்டில் வைத்து வேண்டியதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் விருத்தாம்பாள் பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பண்ருட்டிப் பலா முடிகிற பருவம். கொட்டை மாவாகக் கரையும். தூக்கில் ஊற்றிக்கொண்டு டவுன் பஸ் பிடித்து மந்தாரக்குப்பம் போய் இறங்கினாள். காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. ரோட்டோரத்துத் தூசியெல்லாம் கண்ணில்தான்.

கடைத்தெருவுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வாடகை வீடு. கயிற்றுக் கட்டிலில் மூன்று தலையணை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் வேணு. படுத்தால் மூச்சு வராது. ராத்திரியும் இப்படியே உட்கார்ந்துதான் தூங்குகிறான் என்று அவன் பொண்டாட்டி ருக்குமணி வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"வாங்க அண்ணி. உங்க தம்பி காலைலேர்ந்து, அக்கா வரும் அக்கா வரும்னு வாசலையே பாத்துகினு கெடக்குறாரு."

விருத்தாம்பாள் சோற்றைக் குழையப் பிசைந்து தம்பிக்கு ஊட்டினாள். நாலு வாய் வாங்கினான். ஐந்தாவது வாய்க்குக் கையைத் தடுத்தான்.

"அக்கா, மாமா என்னைக்குப் பேசறாரு?"

"திங்கக்கெழம சாயங்காலம்டா. மொதல்ல நீ தின்னு."

"எவ்ளோ பேரு வருவாங்க?"

"போன வருசம் ஆயிரம் நாற்காலி போட்டிருந்தாங்களாம். எத்தினி பேரு ஒக்காந்தாங்கன்னு யாரு கண்டா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. ருக்குமணி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூச்சு சீரானதும் அவன் அக்காவின் எச்சில் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எங்கிட்ட என்னாடா தப்பும் சரியும். கேளு."

"மாமா மைக்குல பேசறப்ப... எம்பேர ஒரு தபா சொல்லுவாரா?"

அவள் ஒன்றும் புரியாமல் ருக்குமணியைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா இதே பேச்சுதான் அண்ணி" என்றாள் ருக்குமணி. "அந்தக் கதைய நான் படிச்சிக் காட்டுனேன். கண்ண மூடிகினு கேட்டுகினே இருந்தாரு. முடிஞ்சதும் இன்னொரு தபா படின்னாரு."

"நான் அதுல அப்பிடியே இருக்கேன்க்கா" என்றான் வேணு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "கொழாயடி இருக்குது. காப்பி இருக்குது. நான் மண்வெட்டிய எப்பிடிப் புடிப்பேன்னுகூட இருக்குது. மாமா கைல வித்தை இருக்குதுக்கா, அத இல்லன்னு சொல்லல. கதையில முத்துன்னு பேரு வச்சிருக்காரு. கதைக்கு அது சரிதான். வாயால ஒரு தபா, இது வேணு சொன்னதுன்னு சொன்னா போதும்."

"சொல்லாம எங்கடா போவப் போறாரு?"

"பதினாலு வருசம்க்கா. காண்ட்ராக்டு நாலு கை மாறிச்சு. ஒவ்வொருத்தன் வர்றப்பவும் பழைய கேட் பாஸ வாங்கிகினு புதுசு குடுப்பான்ங்க. கடைசியா இருந்ததையும் வாங்கிகினாங்க. நான் அங்க இருந்தேன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. ஆயிரம் பேரு கேக்குற எடத்துல மாமா ஒரு தபா சொல்லிட்டாருன்னா, இருந்தேன்னு ஆயிடும் பாரு."

"சொல்லுவாருடா. நான் சொல்ல வெக்கிறேன்" என்றாள் விருத்தாம்பாள். தம்பி கேட்டு அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. அவன் கேட்டதும் ரொம்பக் குறைவு.

"எனக்குக் கேக்கணுமே" என்றான் அவன்.

"நான் போன போட்டு வெக்கிறேன். ருக்கு, உன் போன ஸ்பீக்கர்ல போட்டு அவன் காதண்ட வெய்யி. மேடையில பேசறது முச்சூடும் கேக்கட்டும்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மறுபடி வாயைத் திறந்து சோறு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவள் அன்றைக்கே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல சாப்பாடு போட்டு, அவர் வெற்றிலை மடிக்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னாள். சிவப்பிரகாசம் சுண்ணாம்பு தடவின விரலை அப்படியே நிறுத்தினார்.

"மேடையில அதெல்லாம் எப்படி விருத்தா?"

"ஏங்க, ஒரு பேரு. ரெண்டு எழுத்து. வாயா வலிக்கப் போவுது?"

"உனக்குப் புரியாது. பேரைச் சொன்னா அதோட நிக்காது. யாருங்க அந்த வேணுன்னு கேப்பான். என் மச்சான்னு சொல்லணும். என்ன வேலைம்பான். காண்ட்ராக்ட் லேபர்னு சொல்லணும். அக்கா புருஷன் பர்மனென்ட்டு, கூடப் பொறந்தவன் காண்ட்ராக்டாம்பான். அப்புறம் நெலம் யாரோடது, வேலை யாருக்கு வந்துதுன்னு நோண்டுவான். அங்க ஒக்காரப் போறவன் பாதிப் பேரு நம்ம சுத்துவட்டாரத்து ஆளுங்கதான்."

இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அவரே சொல்லிவிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது விருத்தாம்பாளின் அப்பா கொளஞ்சியப்பனின் மூன்று காணி போனது. வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். வேணுவுக்கு அப்போது பத்து வயசு. பத்து வயசுப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கொளஞ்சியப்பன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பியூசி படித்து வேலையில்லாமல் கவிதை எழுதிக்கொண்டிருந்த சிவப்பிரகாசம் வந்தார். வேலைக்கு மாப்பிள்ளை பேரைக் கொடுத்தார். நகை நட்டு இல்லாமல் அந்த வேலையையே சீராக வைத்துக் கல்யாணத்தை முடித்தார். வேணு பெரியவனானதும் அவனை உள்ளே சேர்த்துவிட வேண்டியது என் பொறுப்பு மாமா என்று சிவப்பிரகாசம் பந்தலில் வைத்துச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அன்றைக்கு மனசாரத்தான் சொன்னார். வேணுவுக்குப் பதினெட்டு ஆனபோது, ஆபீசரிடம் சந்தர்ப்பம் பார்த்துப் பேசுகிறேன் என்றார். இருபத்தொன்றில் அவன் காண்ட்ராக்டில் சேர்ந்தபோதும், சந்தர்ப்பம் பார்த்துப் பர்மனென்ட் பண்ணப் பேசுகிறேன் என்றார். சந்தர்ப்பம் வரவில்லை. வேணு ஒரு நாளும் கேட்கவில்லை. அக்கா வாழ்கிற வீடு என்பதால் அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"கேட்டா சொல்லுங்களேன். நடந்ததுதான? பொய்யா?" என்றாள் விருத்தாம்பாள்.

"உனக்கு எல்லாம் சுலபம்."

"அவன் சாவப் போறாங்க" என்றாள். அந்தச் சொல்லை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிவப்பிரகாசம் கல் நெஞ்சக்காரர் இல்லை. அவருக்கும் கண் கலங்கியது. வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி. அழாத. சொல்றேன். சந்தர்ப்பம் பாத்து சொல்றேன்" என்றார்.

அவளுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டம் நன்றாகவே வந்தது. பஜ்ஜி வாசனையும் புதுப் புத்தக வாசனையும் கலந்து அடித்தன. விருத்தாம்பாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஆறரைக்கு ருக்குமணிக்குப் போன் போட்டாள்.

"கேக்குதா ருக்கு?"

"கணீர்னு கேக்குது அண்ணி. இவரு சட்டையெல்லாம் மாத்திகினு ஒக்காந்திருக்காரு. தலை வாரிவுடச் சொன்னாரு."

போனை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். அவள் போன் போட்டிருப்பது அவருக்குத் தெரியாது. பேசி முடித்ததும் சொல்லி, இரண்டு பேரையும் பேச வைக்கலாம் என்று இருந்தாள்.

வரவேற்புரைக்காரர் பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். அடுத்துப் பேச வந்தவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர். நல்ல குரல். நல்ல உயரம். 'மூணாம் காப்பி' கதையை முழுவதும் சொல்லி, குழாயடிக் காட்சியில் கொஞ்சம் நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"எத்தனையோ பேர் அடுத்தவன் வலியைக் கேட்டு எழுதுகிறார்கள். சிவப்பிரகாசம் அப்படிப்பட்டவர் இல்லை. இவர் பேனாவால் எழுதியவர் இல்லை. தன் நுரையீரலில் படிந்த தூசியால் எழுதியவர்!"

கைதட்டல் எழுந்தது. விருத்தாம்பாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இல்லைங்க, நான் ஸ்டோர்ஸில் இருக்கிறவன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவர் தலையைக் குனிந்து கைகூப்பினார். பொன்னாடை போட்டார்கள். அதற்கும் கைகூப்பினார்.

ஏழரைக்கு ஏற்புரை. கண்ணாடி முன்னால் பழகினதற்கு மேலாகவே பேசினார். கதை எப்படிப் பிறக்கிறது என்று சொன்னார். எழுத்தாளன் என்பவன் ஊர் உறங்கும்போது விழித்திருப்பவன் என்றார். பிறகு நன்றி சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாருக்கு. முதல் கதையைப் போட்ட பத்திரிகைக்கு. பதிப்பாளருக்கு. அட்டைப்படம் வரைந்தவருக்கு. பிழை திருத்தியவருக்கு. ஒவ்வொரு பேர் வரும்போதும் விருத்தாம்பாள் அடுத்தது, அடுத்தது என்று போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைவாக, என் எழுத்துக்கு எந்த இடையூறும் செய்யாத என் துணைவியாருக்கு."

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. பேச்சு முடிந்துவிட்டது. மடியிலிருந்த போனைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர், நேரம் குறைவாக இருப்பதால் ஒரே ஒரு கேள்வி மட்டும் என்றார். பின்வரிசையில் காக்கிப் பேண்ட்டோடு ஒருவர் எழுந்து நின்றார். ஷிப்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"வணக்கமுங்க. எம்பேரு சிங்காரவேலு. மைன்ஸ்ல காண்ட்ராக்ட். நான் பெருசா படிச்சவன் இல்லீங்க. கதைய எம்பொண்ணு படிச்சிக் காட்டுச்சு. அப்பிடியே எங்க பொழப்புங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மூணாம் காப்பின்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க கேங்க்ல பத்துப் பதினஞ்சு பேரு மட்டும் எங்களுக்குள்ள பேசிக்கிற வார்த்தைங்க. அடுத்த பெல்ட்டு ஆளுங்களுக்கே தெரியாது. அத உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

கேட்டவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது, அதை மேடையிலிருந்து கேட்க வேண்டும் என்று ஆசை. விருத்தாம்பாளுக்கு அவரை எழுந்து போய்க் கும்பிடலாம் போல இருந்தது. புருஷன் தேடின சந்தர்ப்பம் தானாக நடந்து வந்து முன்னால் நிற்கிறது. ரெண்டு எழுத்து. சொல்லுங்க, சொல்லுங்க என்று அவள் உதடே முணுமுணுத்தது.

சிவப்பிரகாசம் தொண்டையைச் செருமினார். மூன்றாம் வரிசையைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரை ஒரு தரம் பார்த்துவிட்டு மைக்கை நேராக்கினார்.

"அருமையான கேள்வி. தோழருக்கு நன்றி. படைப்பாளி சொற்களை வெளியிலிருந்து வாங்குவதில்லை. தனக்குள்ளிருந்து எடுக்கிறான். மூணாம் காப்பி என்பது முழுக்க முழுக்க என் கற்பனையில் பிறந்த சொல். அப்படி ஒரு மனிதனும் இல்லை, அப்படி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அது தன்னுடைய சொல் என்று தோழருக்கே தோன்றுகிறது பாருங்கள், அதுதான் இலக்கியத்தின் வெற்றி."

பேராசிரியர்தான் முதலில் தட்டினார். பிறகு பந்தலே தட்டியது. "இல்லீங்க, எங்க கூட ஒருத்தரு..." என்று சிங்காரவேலு ஆரம்பிப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை.

விருத்தாம்பாள் போனை எடுத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே வந்தாள். தண்ணீர் டிரம் வைத்திருந்த இடத்தில் நின்று போனைக் காதில் வைத்தாள்.

"வேணு..."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"கைத்தட்டு நல்லா கேட்டுதுக்கா."

"டேய், வேணு..."

"அழுவாத. மாமா நல்லாத்தான் பேசுனாரு. என்னா தமிழு! கேட்டது சிங்காரவேலுதான?"

"ஆமாண்டா."

"கிறுக்கன். அங்க வந்து கேட்டுகினு நிக்கிறான் பாரு. அக்கா, அவன் வெளிய வந்தான்னா, அது நான் சொன்னதில்ல, மாமா எழுதி வச்சதப் பாத்துதான் நாங்க பேசினோம்னு சொல்லிடு. கேட்டியா? இல்லன்னா நாளைக்கு மைன்ஸ் பூரா பேசிகினு திரிவான். மாமா தலைகுனிஞ்சிகினு ஸ்டோர்ஸ்ல ஒக்கார முடியுமா? நாளைக்கு அவர யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது."

அதற்குள் சிங்காரவேலுவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். வேணுவைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனபோது கூட வந்தவர்.

"அக்கா, நீங்க வேணு அக்காதான? தப்பா கேட்டுட்டனா அக்கா? அது நம்ம வேணு வார்த்தையாச்சே. அவன்தான மொதமொதல்ல சொன்னவன்."

போன் அவள் கையில் திறந்துதான் இருந்தது. தம்பி என்ன சொல்லச் சொன்னான் என்பது காதிலேயே நின்றது. விருத்தாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஆமாப்பா. அது என் தம்பி வேணு சொன்னது. கொளஞ்சியப்பன் மவன் வேணு. என் வூட்டுக் கொல்லையில ஒக்காந்துகினு மூணு வருசம் சொன்னான். அவர் எழுதிகினாரு" என்றாள். பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனது.

"எனக்குத் தெரியாதாக்கா" என்றார் சிங்காரவேலு. தண்ணீர் குடிக்காமலே ஷிப்ட் பஸ் நிற்கிற பக்கம் நடந்து போனார்.

போனை மறுபடி காதில் வைத்தாள்.

"ஏன்க்கா சொன்ன?" என்றான் வேணு. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு, "அவன் என்னா சொன்னான்?" என்று கேட்டான்.

"தெரியும்னான்டா."

"தெரியும்னானா?"

"ஆமாண்டா."

"வேற யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லடா. அவன் ஒருத்தன்தான்."

"சரிக்கா" என்றான். ருக்குமணி போனை வாங்கி, சட்டையைக் கழற்றிவிடச் சொல்கிறார் அண்ணி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பந்தலிலிருந்து சிவப்பிரகாசம் வந்தார். தோளில் பொன்னாடை, கையில் நினைவுப் பரிசு, முகமெல்லாம் வேர்வை. நாலு பேர் கைகொடுத்துவிட்டுப் போகும்வரை சிரித்தபடி நின்றார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பின்னாடி வரைக்கும் நல்லா கேட்டுதா?"

"மந்தாரக்குப்பம் வரைக்கும் கேட்டுதுங்க."

அவர் அப்போதுதான் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பொன்னாடை தோளிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றார். மைக்கில் பேசின குரல் அது இல்லை.

"நாளைக்கு ஸ்டோர்ஸ்ல உங்கள யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதாம்" என்றாள் விருத்தாம்பாள்.